கடுதாசிக்கார ஐயாவும் 1962-ஆம் வருடத்து ஆறு மாதமும்

போன மாதம் ஒரு புதன்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. நம் வயதுக்காரர்களுக்கு அந்த நேரத்து மணி எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றான் என் நண்பரின் மகன். வயது 78. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பெயரைப் போட்டு எழுதுவது அவருக்குப் பிடிக்காது. முன்பு ஒரு முறை அவரைப் பற்றி இங்கே நாலு வரி எழுதப்போகிறேன் என்றதற்கு, "நான் என்ன கவர்னரா?" என்று சிரித்துவிட்டார். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். அறுபத்தைந்து வருடமாக அது மாறவில்லை. அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருசுக்குப்பம் பக்கம் அவரை வாத்தியார் என்று சொல்பவர்கள் குறைவு. 'கடுதாசிக்கார ஐயா' என்றால்தான் தெரியும்.

கருவடிக்குப்பம் மயானத்துக்குப் புறப்படுமுன் தெருவில் ஒரு காட்சி. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் மடியில் மஞ்சள் பை. மகனுக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை, என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன சொல்தாக்களின் விதவைகள். (வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம்.) அதில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உசுரோட இருக்கேன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுத்த மனுஷன், எனக்கு முன்னாடி போயிட்டாரே" என்றார்.

விளையாட்டுப் பேச்சில்லை. பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர் வருடந்தோறும் தாம் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும். காகிதம் போகாவிட்டால் பணம் நின்றுவிடும். அந்தக் காகிதங்களை ஐம்பது வருடத்துக்கு மேல் காசு வாங்காமல் எழுதிக்கொடுத்தவர் என் நண்பர். அவரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது. அவர் கடைசிவரை இந்தியப் பிரஜை. அது ஏன் என்பதில் எங்கள் ஊரின் சரித்திரமே அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு சகோதரர்கள்

நண்பரின் தகப்பனார் சவானா மில்லில் நூற்புப் பகுதித் தொழிலாளி. பிற்காலத்தில் சுதேசி மில் என்று பெயர் மாறியதே, அதுதான். அந்தக் காலத்தில் புதுச்சேரிக்குச் சோறு போட்டவை மூன்று மில்கள்: சவானா, ரோடியர், கெப்ளே. மில் சங்கு ஊதினால்தான் ஊரில் பாதி வீட்டில் உலை வைப்பார்கள். இன்று மூன்றும் மூடிக்கிடக்கின்றன, சங்குச் சத்தம் எங்கள் தலைமுறையின் காதில் மட்டும் இருக்கிறது.

1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை என்று கேட்டு மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிரெஞ்சு அரசாங்கத்தின் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா அவர்கள் முன்நின்று நடத்திய போராட்டம். அடுத்த வருடமே, 1937-இல், எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் எங்கள் ஊரில்தான் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இன்றும் ஜூலை 30 தியாகிகள் தினம்.

அன்று நண்பரின் தகப்பனாருக்கு 21 வயது. மில் வாசலில் இருந்தார். பக்கத்து ராட்டினத்தில் வேலை செய்த சிநேகிதர் கண்ணெதிரே விழுந்தார். அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியது குறைவு. ஆனால் ஜூலை 30 அன்று வீட்டில் அடுப்பு மாலையில்தான் எரியும்.

தகப்பனாரின் தம்பி வேறு வழியில் போனார். யுத்தம் முடிந்த கையோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். சைகோனுக்குக் கப்பல் ஏற்றினார்கள். எங்கள் ஊருக்கும் சைகோனுக்கும் இருந்த உறவு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பட்டாளம், போலீஸ், சுங்கம், கணக்கு வேலை என்று தெருவுக்கு நாலு பேர் அங்கே இருந்தார்கள். அங்கிருந்து வரும் மணியார்டரில்தான் பல வீடுகளுக்கு மச்சு ஏறிற்று. தம்பி பட்டாளத்தை விட்டபின் அங்கேயே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கணக்கு எழுதினார், அங்கேயே குடும்பம் நடத்தினார்.

ஒருவர் பிரெஞ்சுத் துப்பாக்கியின் எதிரில் நின்றவர், இன்னொருவர் அதே துப்பாக்கியைத் தோளில் சுமந்தவர். இருவருக்கும் சண்டை கிடையாது. சைகோனிலிருந்து பட்டுத்துணியும் பாலித்தீன் சுற்றிய சோப்பும் வரும், இங்கிருந்து ஊறுகாயும் கருவாடும் போகும்.

ஆறு மாதத் தவணை

இனி கொஞ்சம் தேதிகள். பொறுமையாகப் படியுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. எனக்கு அப்போது ஆறு வயது. கடற்கரையில் கொடி ஏறியதை அப்பா தோளில் தூக்கிக் காட்டினாராம். எனக்கு ஞாபகமிருப்பது அன்று கிடைத்த மிட்டாய்தான்.

ஆனால் ஆட்சி மாறியதே தவிர, சட்டப்படி ஊர் மாறவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம் நான்கையும் இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஒப்புக்கொள்ள ஆறு வருடம் ஆயிற்று. அல்ஜீரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது இங்கே ஒரு ஊரை எழுதிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்த பிறகே இதற்கும் சம்மதம் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. அதாவது 1954-க்கும் 1962-க்கும் இடையில் நாங்கள் இந்திய ஆட்சியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள். அஞ்சல் தலையில் அசோகச் சக்கரம், பள்ளியில் பிரெஞ்சு டிக்டே.

இந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆகஸ்ட் 16 அன்று இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே குடியிருந்தவர், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் இந்தியர் ஆகிவிடுவார். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இதைத்தான் எங்கள் ஊரில் 'ஒப்சியோன்' என்றார்கள். தவணை 1963 பிப்ரவரி நடுவில் முடிந்தது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் சொல்வதே முடிவு. தகப்பன் இல்லாவிட்டால் தாய். அதே வேளையில், இங்கே பிறந்து சைகோன் போன்ற வெளிநாட்டில் குடியிருந்தவருக்கு நேர்எதிர். அவர் சும்மா இருந்தாலே பிரெஞ்சுக்காரர்.

இப்போது அந்த இரண்டு சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சைகோனில் இருந்த தம்பி ஒரு விரலையும் அசைக்காமல் குடும்பத்தோடு பிரெஞ்சுக்காரர் ஆனார். இங்கே மில்லில் இருந்த அண்ணன், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்த இந்தப் பகுதிகளில் ஒப்சியோன் போட்டவர்கள் ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. பலருக்கு அது என்னவென்றே எட்டவில்லை. எட்டியவர்களில் பலர் பயந்தார்கள். கையெழுத்துப் போட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், கப்பலில் ஏற்றிவிடுவார்கள், அரசாங்க வேலை கிடைக்காது என்று விதவிதமாகப் புரளி. எங்கள் வீட்டிலும் அப்பா, அம்மாவின் பேச்சைக் கேட்டுப் போடவில்லை. என் அப்பாவுக்குப் பயம். நண்பரின் தகப்பனாருக்குப் பயம் கிடையாது. எல்லாம் தெரிந்தே போடவில்லை.

அந்த ஆறு மாதத்தில் நண்பருக்கு வயது 16. கல்வே காலேஜில் கெட்டிக்கார மாணவர். பிரெஞ்சுப் பள்ளியில் வகுப்புகள் மேலிருந்து கீழே எண்ணப்படும். ஆறாவதிலிருந்து ஐந்தாவது, பிறகு நான்காவது என்று இறங்கி இறங்கி மேலே போவோம். அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்து, இவன் பாக்கலோரியா முடித்துப் பாரிசுக்குப் போவான் என்று வாத்தியார்களே பேசிக்கொண்டார்கள். சைகோனிலிருந்து சித்தப்பா எழுதினார்: "அண்ணா, தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பையனை நான் படிக்க வைக்கிறேன்."

தகப்பனார் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னாராம்: "உன் சித்தப்பன் நல்லவன். ஆனா நான் அந்தக் காகிதத்துல கை வச்சா, மில் வாசல்ல விழுந்தவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" பிப்ரவரி வந்தது, போயிற்று.

நண்பர் இரண்டு வருடம் தகப்பனாரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு. அம்மாவிடம் சொல்வது போல அப்பாவுக்குச் சொல்வார். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான். அப்போது நாங்கள் பார்த்தது, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று சிரிப்பதை நிறுத்திக்கொண்டதை மட்டும்.

முதல் கடுதாசி

அந்த மௌனம் உடைந்த கதையை நண்பர் வாயால் கேட்டிருக்கிறேன். 1965-இல் ஒரு மாலை தகப்பனார் மில்லிலிருந்து வரும்போது ஒரு பெண்ணைக் கூடவே அழைத்து வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தாவின் மனைவி. கணவர் இறந்து ஒரு வருடம். பிரான்சிலிருந்து மூன்று கடிதங்கள் வந்துகிடக்கின்றன, படிக்க ஆளில்லை. ஒரு தரகர் படித்துச் சொல்லக் கூலி கேட்கிறார், பணம் வந்தால் அதிலும் பங்கு கேட்கிறார்.

தகப்பனார் மகனைப் பார்த்து நேரே பேசினார்: "உனக்கு அந்த பாஷை தெரியும். இந்த அம்மாவுக்கு எழுதிக் குடு. காசு வாங்காதே."

பிரெஞ்சுக்காரன் காகிதத்தைத் தொடமாட்டேன் என்று மகனின் எதிர்காலத்தையே விட்டவர், சொல்தாவின் பெண்சாதிக்காக அதே பிரெஞ்சுக்காரனுக்குக் கடுதாசி எழுதச் சொன்னார். நண்பர் சொன்னார்: "தம்பி, அன்னைக்குத்தான் எங்கப்பா எனக்குப் புரிஞ்சாரு. அவருக்குப் பட்டாளத்து மேலயும் கோபமில்ல, பாஷை மேலயும் கோபமில்ல. தன் கையெழுத்து மட்டும் தனக்குச் சொந்தம்னு நினைச்சாரு." எழுதினார். நாலு மாதத்தில் பணம் வந்தது. அந்த அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டு வந்து வைத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கீரைதான் கட்டணம்.

பெயர் என்னும் சிக்கல்

கடுதாசி எழுதுவது என்றால் பாஷை தெரிந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். முக்கால் பங்கு வேலை பெயரில்தான் இருக்கிறது. பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதிவைத்த ஏட்டுக்கு 'எத்தா சிவில்' என்று பெயர். நம் பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி அவர்கள் எழுத்தில் எழுதினார்கள். 'உ' என்ற ஓசைக்குப் பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டு எழுத்து வேண்டும், ஆங்கிலத்தில் யு ஒன்றே போதும். ஆறுமுகம் என்ற பெயர் பிரெஞ்சு ஏட்டில் ஒருவிதமாகவும், ஆங்கிலத்தில் எழுதிய ரேஷன் கார்டில் வேறுவிதமாகவும் இருக்கும். தமிழில் படித்தால் ஒரே ஆள். காகிதத்தில் இரண்டு ஆள்.

அடுத்தது குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, நம் சாதி, மத வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' என்று எடுத்துக்கொண்டது ஊரறிந்த விஷயம். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். அப்படித் துறந்தவர்களின் சந்ததிக்குச் சிக்கல் குறைவு. மற்றவர்களுக்கு ஒரே பெயர்தான். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். ஒரே பெயர் உள்ளவர் எதில் எழுதுவார்? நம் தலையெழுத்து (இனிஷியல்) தகப்பன் பெயர் என்பது அவர்களுக்குப் புரியாது. கல்யாணமான பெண் நம் வழக்கப்படி கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்வாள், பிரெஞ்சு ஏடோ அவளைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வைத்திருக்கும். பிறப்பே பதியாதவர்களுக்கு நீதிமன்றத்தில் போய்ப் பிறந்ததற்கு ஒரு தீர்ப்பு வாங்க வேண்டும்.

நண்பர் இதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். எழுதி முடித்ததும் கடிதத்தைத் தமிழில் இரண்டு தடவை உரக்கப் படித்துக்காட்டுவார். அதன்பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். "அறுபத்திரண்டுல எத்தனை பேர் என்னன்னு தெரியாமலே இருந்துட்டாங்க. தெரியாம ஒருத்தர் கைநாட்டும் போடக்கூடாது, தெரியாம ஒருத்தர் போடாம விடவும் கூடாது" என்றார். வயதைக் கூட்டிப் போடுங்கள், அத்தையை அம்மா என்று எழுதுங்கள் என்று வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நான் செய்த தவறு

இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

1981-ஆம் வருடம். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், தவறு என்னுடையது. ஒரு சொல்தாவின் மனைவி நகல் கேட்டு வந்தார். ஏட்டில் அவர் பெயர் பிரெஞ்சு எழுத்தில், விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்தில். கடைசி எழுத்தும் ஒன்று குறைவு. "பெயர் ஒத்து வரலம்மா, சரியா எழுதிக் கொண்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுபடி வந்தார், மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவையும். விதிப்படி நான் செய்தது சரி. என் மேலதிகாரி பார்த்திருந்தாலும் சரி என்றே சொல்லியிருப்பார். ஆனால் அதே ஏட்டை அதே நாற்காலியிலிருந்து படித்தால் இரண்டும் ஒரே பெயர் என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சில் படித்தவன் நான். தெரிந்தும் சொல்லவில்லை. வழி இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் வேலை கூடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு மாலை நண்பர் அலுவலக வாசலில் காத்திருந்தார். டீ சாப்பிடலாம் என்று கூட்டிப்போனார். குடும்பம், பிள்ளைகள் என்று பேசிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, "தம்பி, பள்ளிக்கூடத்துல உன் பேரை எப்படி எழுதுவே? எழுது" என்றார். எழுதினேன். "இப்ப ரேஷன் கார்டுல இருக்கற மாதிரி எழுது." அதையும் எழுதினேன். எழுத்து வேறு, நீளம் வேறு. காகிதத்தை என் பக்கம் திருப்பிவைத்து, "இதுல நீ யாரு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. அந்த அம்மாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அந்த அம்மாவின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நொத்தேர் முன்னால் சாட்சிகளோடு ஓர் உறுதிமொழி எழுதினால் போதும் என்று சொன்னேன். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. ஆனால் அதற்குள் அவர் அலைந்தது ஏழு மாதம். தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் பிழைத்தார் என்று பிற்பாடு தெரிந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் எனக்கு உறுத்துகிறது. பிறகு ஓய்வு பெறும்வரை, பெயர் ஒத்து வராத ஒருவரையும் வழி சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

ஒரு ஜூலை 14

சைகோன் சித்தப்பா 1975-இல் அங்கே ஆட்சி மாறியபோது குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனார். அவர் பிள்ளைகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள், இங்கே வந்தால் அண்ணி கையால் மீன் குழம்பு சாப்பிடாமல் போகமாட்டார்கள். தகப்பனார் 1979-இல் இறந்தார். சித்தப்பா வந்து கொள்ளிக்குடம் உடைக்கும்வரை கூடவே நின்றார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை 14 அன்று நாங்கள் இருவரும் கடற்கரைச் சாலையில் யுத்த நினைவுச் சின்னத்தின் எதிரே நின்றிருந்தோம். வயதான சொல்தாக்கள் மெடல்கள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு தேச கீதமும் ஒலித்தன. நண்பர் இரண்டுக்கும் ஆடாமல் நின்றார். கூட்டம் கலைந்தபின் துணிந்து கேட்டேன்: "அண்ணே, அப்பா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நினைக்காம இருப்பேனா? என் பசங்க வெளிநாட்டு வேலைக்கு விசா கிடைக்காம நின்னப்ப எல்லாம் நினைச்சேன். எங்கப்பாவை நான் மன்னிச்சது ஒரு நாள்ல இல்ல தம்பி. ஒவ்வொரு கடுதாசியா எழுதி எழுதித்தான் மன்னிச்சேன்" என்றார். பிறகு, "பசிக்குது, வா, வடை சாப்பிடலாம்" என்றார்.

அவரைப் பொதுவாக எல்லாரும் தங்கமான மனிதர், பிறவியிலேயே இரக்கமுள்ளவர் என்று சொன்னார்கள், மயானத்திலும் அதையே சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 16 வயதில் ஒரு பெரிய ஏமாற்றத்தை விழுங்கியவர் அவர். அந்தக் கசப்பை வைத்துக்கொண்டு வேறு யாராவது என்றால் அந்தப் பாஷையையே மறந்திருப்பார்கள். இவர் அதை எடுத்து, தனக்குக் கிடைக்காத காகிதத்தை அடுத்தவருக்கு வாங்கித்தர உட்கார்ந்தார். அது பிறவிக் குணமில்லை, தினம் தினம் செய்துகொண்ட முடிவு என்றே நினைக்கிறேன்.

கடைசிக் காகிதம்

கருமாதி முடிந்து மகன் என்னிடம் வந்தான். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால், ஆதாரில் ஒரு எழுத்து, பழைய பிறப்பு நகலில் ஒரு எழுத்து. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். "என்ன சித்தப்பா செய்யறது?" என்றான்.

வேறு யாரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். வாழ்நாளெல்லாம் மற்றவர் பெயரைச் சரிசெய்தவர், தன் பெயரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். நானே உட்கார்ந்து உறுதிமொழியை எழுதினேன். இன்ன எழுத்தில் இன்ன ஏட்டில் உள்ளவரும், இன்ன எழுத்தில் இன்ன அட்டையில் உள்ளவரும் ஒருவரே. எழுதி முடித்ததும் அண்ணிக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக்காட்டினேன். இரண்டாவது தடவை பாதியில் என் குரல் நின்றுவிட்டது. அண்ணி, "மெதுவா படிங்க தம்பி, அவசரமில்ல" என்றார்.

அவர் அறையில் ஒரு மரப்பெட்டி நிறைய நோட்டுகள் இருந்தன. எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி, ஊர், வந்த பதில், ஒரு ஓரத்தில் 'கீரை', 'கீரை', 'இரண்டு தேங்காய்' என்று குறிப்பு. கடைசி நோட்டில் அந்த ஒன்பது பெண்களின் பெயரும் இருக்கிறது, எந்த மாதம் எந்தக் காகிதம் போக வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்த நோட்டு இப்போது என் மேசை மேல் இருக்கிறது. என் பிரெஞ்சு அவருடையதைப் போலச் சுத்தமானதில்லை, அகராதியைப் புரட்டித்தான் எழுதுகிறேன். முதல் காகிதம் இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். மஞ்சள் பை அம்மா நேற்றே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கையில் முருங்கைக்கீரை.